கார் ஷெட்டில் உயிர்பெறும் மஸ்டாங்

அறுபது வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்கக் காரை அதன் சொந்தக்காரரே வீட்டில் வைத்து மீட்டெடுக்கிறார். அந்த வேலை எப்படி நடக்கிறது? இத்தனை காலம் கழித்தும் ஏன் நடக்க முடிகிறது?

1964 ஏப்ரல் 15, சிகாகோ. கல்லூரி முடித்து ஆசிரியை வேலை கிடைத்திருந்த 22 வயதுப் பெண் ஒருவர், பெற்றோருடன் ஃபோர்டு ஷோரூமுக்குப் போனார். பள்ளிக்குப் போய்வர அவருக்கு ஒரு கார் வேண்டும். அதுவும் கூரையை மடக்கித் திறக்கிற காராக இருக்க வேண்டும். முன்கடையில் அப்படி எதுவும் இல்லை. விற்பனையாளர் அவர்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், மூடி வைத்திருந்த ஒரு காரைத் திறந்து காட்டினார். வெளிர்நீல மஸ்டாங். அதை ஃபோர்டு ஊருக்கு அறிமுகப்படுத்த இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஓட்டிக்கூடப் பார்க்காமல் 3,447 டாலர் 50 சென்ட் விலைக்கு அதை வாங்கிவிட்டார் அந்த ஆசிரியை. அமெரிக்காவில் விற்பனையான முதல் மஸ்டாங் அதுதான் என்று இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது.

கல்யாணம், குழந்தைகள், சிகாகோவின் கடுங்குளிர் என்று பதினைந்து ஆண்டு ஓடிய அந்தக் கார், 1979 வாக்கில் பழுதாகி வீட்டுக் கார் ஷெட்டுக்குள் போனது. அடுத்த 27 ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. விற்றுத் தொலைத்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் கணவர் மறுத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதைக் கையிலெடுத்தார். சுமார் 35,000 டாலர் செலவில், வாங்கிய நாளின் நீலத்தோடு கார் மறுபடி சாலைக்கு வந்தது.

இப்படி ஷெட்டுக்குள் காத்துக் கிடக்கும் பழைய கார்கள் அமெரிக்கா முழுக்க இருக்கின்றன. அவற்றை மீட்பவர்களில் பலர் தொழில்முறை மெக்கானிக்குகள் அல்ல. ஆசிரியர்கள், மின்பணியாளர்கள், ஓய்வுபெற்ற தபால்காரர்கள், பள்ளி முடிக்காத மகனோடு சேர்ந்து ஸ்பானர் பிடிக்கும் அப்பாக்கள், அம்மாக்கள். அவர்களுடைய பொறுமையும் உழைப்பும் பெரிது. ஆனால் அந்த உழைப்புக்குப் பலன் கிடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சொந்தக்காரர் திறந்து பார்க்கவும் கழற்றவும் மறுபடி பூட்டவும் இடம்கொடுக்கும்படி அந்தக் கார் செய்யப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியது.

சிக்கனத்தில் பிறந்த அழகு

1960களின் தொடக்கத்தில், ஃபோர்டு பிரிவின் தலைமையில் இருந்த லீ ஐயக்கோக்கா ஒரு கணக்குப் போட்டார். உலகப் போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் கார் வாங்கும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் ஆசை நிறைய, பணம் கொஞ்சம். பார்வைக்கு மிடுக்கான, விலைக்கு எளிய ஒரு வண்டியைக் கொடுத்தால் வாங்குவார்கள். ஆனால் எல்லாவற்றையும் புதிதாக வடிவமைத்தால் விலை எகிறிவிடும். எனவே, 1960 மாடலாக வந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஃபால்கன் என்ற சிக்கனக் காரிலிருந்து அடித்தளம், சஸ்பென்ஷன், எஞ்சின் எனப் பலவற்றை எடுத்துக்கொண்டு, அதன்மேல் நீண்ட பானெட்டும் குட்டை டிக்கியும் கொண்ட புதிய உடலைப் பொருத்தினார்கள்.

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானது. தொடக்க விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே 22,000 ஆர்டர்கள் குவிந்தன. முதல் 12 மாதங்களில் விற்பனை 4 லட்சத்தைத் தாண்டியது. மிச்சிகனின் டியர்பார்ன், கலிபோர்னியாவின் சான் ஹோசே, நியூ ஜெர்சியின் மெட்டச்சன் ஆகிய மூன்று ஆலைகள் இரவு பகலாக இயங்கியும் போதவில்லை. 1966இன் தொடக்கத்தில் பத்து லட்சமாவது மஸ்டாங் வெளிவந்துவிட்டது.

இன்று வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து இந்தக் காரை மீட்பவருக்கு அந்த எண்ணிக்கைதான் பெரிய வரம். லட்சக்கணக்கில் ஓடிய கார் என்பதால் உதிரிபாகங்களுக்குச் சந்தை வற்றவே இல்லை. கதவுக் கைப்பிடியிலிருந்து தரைத் தகடு வரை, இருக்கை உறையிலிருந்து முழு வயரிங் வரை, பழைய அளவிலேயே புதிதாகச் செய்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. 'சிஜே போனி பார்ட்ஸ்', 'நேஷனல் பார்ட்ஸ் டிப்போ' போன்றவற்றின் அட்டவணையில் இந்தக் காரின் பெரும்பகுதியைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். ஃபோர்டின் உரிமத்தோடு 'டைனாகார்ன்' நிறுவனம் முழு உடற்கூட்டையே புதிதாக அடித்துத் தருகிறது. 1965ஆம் ஆண்டு மெக்கானிக்குகளுக்காக ஃபோர்டு வெளியிட்ட பட்டறைக் கையேட்டின் மறுபதிப்பும் விலைக்குக் கிடைக்கிறது. பாகமும் வழிமுறையும் சேர்ந்து கிடைப்பதால்தான் சாதாரண மனிதர் துணிந்து முதல் போல்ட்டைக் கழற்றுகிறார்.

பிரிப்பதே முதல் பாடம்

கழற்றுவது எளிது என்று தோன்றும். பாதியில் நின்றுபோகும் மீட்புகளில் பல இங்கேதான் நிற்கின்றன. ஆர்வத்தில் ஒரே வாரத்தில் காரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் திகைத்து நிற்பவர்கள் உண்டு. அனுபவசாலிகள் மெதுவாகப் பிரிப்பார்கள். தொடும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டுகளும் தனித்தனிப் பைகளில், பையின் மேல் பெயர் எழுதி. உடைந்த பாகத்தைக்கூட உடனே எறிய மாட்டார்கள். புதிதாக வாங்கியது சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க அந்த உடைந்ததுதான் அளவுகோல்.

இந்தக் காருக்குத் தனியான சட்டகம், அதாவது சேஸி, கிடையாது. உடலே எலும்பு. தரைத் தகடும் பக்கவாட்டு விட்டங்களும் சேர்ந்துதான் மொத்தப் பாரத்தையும் தாங்குகின்றன. துருப்பிடித்த தரையை வெட்டி எடுக்கும்போது, முட்டுக் கொடுக்காவிட்டால் உடல் தொய்ந்துவிடும். பிறகு எவ்வளவு அழகாக வெல்டிங் செய்தாலும் கதவு ஒழுங்காக மூடாது. அதனால் வெட்டும் முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்துப் பற்றவைத்துக்கொள்வார்கள். கூரை இல்லாத மாடல்களில் இதைச் செய்யாமல் தரையில் கை வைப்பதே தவறு.

இன்னொரு எச்சரிக்கை டிக்கியில் இருக்கிறது. இந்த மாடல்களில் பெட்ரோல் டேங்கின் மேற்பரப்புதான் டிக்கியின் தரை. காலி டேங்க் என்று நினைத்து அருகில் வெல்டிங் செய்தால், உள்ளே தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும். டேங்கைக் கழற்றி வெளியே வைத்த பிறகே தீப்பொறி பறக்க வேண்டும்.

துருவின் பிறப்பிடம்

பழைய மஸ்டாங்கை வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்த்து மயங்கலாம். விஷயம் தெரிந்தவர் கையோடு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுபோவார். முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டுக்குப் பின்னால், குறுக்கே ஒரு காற்றுச் சல்லடை இருக்கும். அதில் தண்ணீரை ஊற்றிவிட்டு, உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்ப்பார். கால் வைக்கும் இடத்தில் சொட்டினால், இந்தக் கார் நிறைய வேலை வாங்கும் என்று பொருள்.

காரணம் இதுதான். அந்தச் சல்லடை வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும், மழைநீர் மட்டும் இரு பக்கமும் வழிந்து வெளியேற வேண்டும். அதற்காகக் காற்றுத் துளையைச் சுற்றித் தொப்பி போல ஒரு தகடு உயர்ந்து நிற்கும். ஆலையில் அந்த மூடிய அறைக்குள் துருத் தடுப்புப் பூச்சு சரியாகப் போய்ச் சேரவில்லை. மரத்தடியில் நின்ற கார்களில் சருகும் மண்ணும் சல்லடை வழியே விழுந்து தொப்பியின் அடியில் தங்கின. ஈரம் காயவே இல்லை. தகடு அரித்து ஓட்டையானது. மொட்டை மாடியின் வடிகால் அடைத்துக்கொண்டால் கீழ் அறையின் சுவர் ஊறிப்போவது போல, மேலே கசிந்த நீர் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கித் தரையைத் தின்றது. கார்ப்பெட் மேலே மூடியிருப்பதால் கால் கீழே இறங்கும் வரை சொந்தக்காரருக்குத் தெரியாது.

பலர் தரையைப் புதிதாகப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். மேலே கசிவு அப்படியே இருக்கிறது. சில மழைக்காலங்களில் புதுத் தரையும் போய்விடும். ஒழுங்கான வழி நீண்டது. பானெட்டையும் முன் மட்கார்டுகளையும் கழற்ற வேண்டும். சல்லடைத் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி, அதற்கென இருக்கும் டிரில் பிட்டால் துளைத்து விடுவிக்க வேண்டும். அழுகிய பகுதியை வெட்டி, புதுத் தகட்டைப் பொருத்தி, துளைகளில் உலோகத்தை நிரப்பிப் பற்றவைத்து, ஓரங்களை அடைத்து, மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். காருக்கு வெளியே நிற்பவர் கண்ணுக்கு இந்த உழைப்பில் ஒரு துளிகூடத் தெரியாது. மீட்பவரின் நேர்மையை அளக்க இதைவிட நல்ல இடம் இந்தக் காரில் இல்லை.

டிங்கரிங் வேலையிலும் அப்படியே. மெல்லிய தகட்டில் ஒரே இழுப்பாக வெல்டிங் ஓட்டினால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று தள்ளித் தள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். அவசரக்காரர் துருவின் மேலேயே பட்டி பூசிப் பெயின்ட் அடித்துவிடுவார். சில மாதங்களில் அதே இடத்தில் பெயின்ட் கொப்பளித்து எழும்.

மூச்சுக்கும் காவல் வேண்டும். ஆலையில் தகடு இணைப்புகளை மூட ஈயம் உருக்கிப் பூசியிருக்கிறார்கள். அதைத் தேய்த்தால் ஈயத்தூள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதித் துடைக்கவே கூடாது. இன்றைய இரு கலவைப் பெயின்ட்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண முகமூடி அதற்குப் போதாது. அதனால்தான் மற்ற எல்லா வேலையையும் வீட்டில் செய்பவர்கள்கூடப் பெயின்ட்டை மட்டும் பட்டறைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது விவேகம்.

■ எண் சொல்லும் சாட்சி

மீட்பைத் தொடங்கும் முன் படிக்க வேண்டியது காரின் அடையாள எண். எஞ்சின் அறையில் ஓட்டுநர் பக்கத் தகட்டில் அது பொறிக்கப்பட்டிருக்கும். முதல் வரிசை எண் கொண்ட மஸ்டாங்கின் அடையாளத்தையே எடுத்துக்கொள்வோம்: 5எஃப்08எஃப்100001.

5 என்பது 1965 மாடல். 1964 ஏப்ரலிலிருந்து வந்த தொடக்கக் கார்களுக்கும் இதே எண்தான். ரசிகர்கள் மட்டும் அவற்றை '64½' என்று அழைக்கிறார்கள். அடுத்த எஃப், டியர்பார்ன் ஆலை. 08, கூரை மடங்கும் உடல். 07 என்றால் சாதாரணக் கூரை, 09 என்றால் பின்பக்கம் சரிந்த ஃபாஸ்ட்பேக். இரண்டாவது எஃப், 260 கன அங்குல வி8 எஞ்சின். கடைசி ஆறு இலக்கம் வரிசை எண்.

இந்தக் காரைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு விமானி வாங்கிவிட்டார். பிறகு 1966இல் ஃபோர்டு அவருக்குப் புது மஸ்டாங் கொடுத்து இதைத் திரும்பப் பெற்றது. இப்போது டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எஞ்சின் எழுத்தில் கே இருந்தால், 271 குதிரைசக்தி கொண்ட உயர்திறன் 289 கன அங்குல எஞ்சின். விலை அதிகம் என்பதால் போலிகளும் உண்டு. 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு ஆலைப் பதிவுகளைப் பார்த்துச் சான்று தரும் வசதி இருக்கிறது. 1965, 66 கார்களுக்கு அது இல்லை. அடையாள எண்ணும் கதவில் உள்ள விவரத் தகடும்தான் பெரும் சாட்சிகள்.

திறந்த புத்தகமாக ஓர் எஞ்சின்

பானெட்டைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் எஞ்சின், மேலே கார்புரேட்டர், முன்னே டிஸ்ட்ரிபியூட்டர், பக்கத்தில் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர். கை நுழைய இடம் இருக்கிறது. மலிவு மாடல்களில் ஆறு சிலிண்டர் எஞ்சின். பெரும்பாலோர் விரும்பும் 289 கன அங்குல வி8, நம் கணக்கில் ஏறத்தாழ 4.7 லிட்டர்.

பல்லாண்டு நின்ற எஞ்சினைச் சாவி போட்டுச் சுழற்றிப் பார்ப்பது ஆபத்து. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரில் ஒட்டியிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, ஊடுருவும் எண்ணெயை விட்டு, சில நாள் ஊறவைத்து, நீண்ட ஸ்பானரால் கையாலேயே மெல்லச் சுற்ற வேண்டும். முழுதாகப் பிரித்துப் பூட்டிய எஞ்சினாக இருந்தால், டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியே ஒரு தண்டை இறக்கி, டிரில் மிஷினால் ஆயில் பம்பைச் சுழற்றி, எல்லா மூலைக்கும் எண்ணெய் போன பிறகே ஸ்டார்ட் செய்வார்கள். 1-5-4-2-6-3-7-8 என்ற தீப்பொறி வரிசை இந்த எஞ்சினோடு பழகியவர்களுக்கு மனப்பாடம்.

உலகமும் இந்த அறுபது ஆண்டுகளில் மாறியிருக்கிறது. அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு உட்காரும் இடத்தை அது தேயாமல் காத்தது. அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் 1996இல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. எனவே எஞ்சினைப் பிரிக்கும்போதே கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்துகிறார்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். அவற்றை மாற்றியே ஆக வேண்டும். கேம்ஷாஃப்ட் தேயாதிருக்கத் துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள எஞ்சின் ஆயிலைத் தேடி வாங்க வேண்டும்.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

மீட்பவர்களிடையே தீராத விவாதம் இது. போட்டிகளில் மதிப்பெண் பெற நினைப்பவர் ஒவ்வொரு போல்ட்டும் ஆலை போட்டபடியே இருக்க வேண்டும் என்பார். குடும்பத்தோடு சாலையில் ஓட்ட நினைப்பவர் பாதுகாப்பைப் பார்ப்பார்.

பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1965, 66 கார்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். 1967 மாடலிலிருந்து முன், பின் என இரண்டாகப் பிரித்த அமைப்பு வந்தது. பழைய காரில் இதைப் பொருத்த ஒரு வார இறுதி போதும். ஆளைக் காப்பாற்றும் இந்த மாற்றத்தை வரலாற்றுத் துரோகம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. கழற்றிய பழைய பாகத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்தினால் வரலாறும் பிழைக்கும்.

மறுபக்கம், மீட்காமல் விட்டதாலேயே பெருமை பெற்ற மஸ்டாங்கும் உண்டு. 1968இல் வெளிவந்த 'புல்லிட்' திரைப்படத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் ஸ்டீவ் மெக்வீன் பறக்கவிட்ட கரும்பச்சை ஃபாஸ்ட்பேக்கை 1974இல் ஒரு குடும்பம் வாங்கியது. அந்த வீட்டுப் பெண்மணியும் ஆசிரியைதான். அதில்தான் பள்ளிக்குப் போய்வந்தார். 1977இல் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. பிறகு அந்தக் காரும் பல்லாண்டு ஷெட்டுக்குள் நின்றது. 2018 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் மறுபடி வெளியே வந்தபோது, மங்கிய பெயின்ட், கீறல்கள், கேமரா பொருத்திய தடங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. 2020 ஜனவரி ஏலத்தில் கட்டணங்கள் உட்பட 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அந்தப் படத்தில் ஓடிய கார் அதுவே என்பதற்கான தடயங்களைத் தேய்த்து அழித்திருப்பார்கள்.

எனவே நான் கொள்ளும் அளவுகோல் இது: உயிருக்கு ஆபத்தானதை மாற்றுங்கள், துரு தின்றதை வெட்டுங்கள், சாட்சி சொல்வதை விட்டுவையுங்கள்.

பழுதுபார்க்கும் உரிமை

பணக் கணக்குப் பார்த்தால் வீட்டு மீட்பு பெரும்பாலும் லாபமில்லை. சாதாரண ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்குச் செலவிடும் தொகை அதன் சந்தை விலையைத் தாண்டிவிடும். உழைத்த நேரத்துக்குக் கூலி போட்டால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் செய்கிறார்கள். தங்களிடம் இருக்கும் ஒரு பொருளை முழுமையாக அறிந்துகொள்ளும் நிறைவு அதில் கிடைக்கிறது. தந்தை விட்டுப்போன காரை மகள் ஓட்டவைக்கும்போது அந்த வீட்டுக்குக் கிடைப்பதை எந்த ஏலமும் விலை பேச முடியாது.

இந்த நிறைவு நாளைய தலைமுறைக்கும் கிடைக்குமா என்பதுதான் என் கவலை. இன்றைய காரில் எஞ்சினும் பிரேக்கும் கதவும் கணினிகளின் பொறுப்பில் இருக்கின்றன. பாகத்தை மாற்றினால் மட்டும் போதாது. புதிய பாகத்தை ஏற்கச் சொல்லி மென்பொருளுக்குக் கட்டளை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சாவி தயாரிப்பாளரிடம் இருக்கிறது. இதை எதிர்த்துத்தான் 2012இல் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், கார் பழுதுபார்க்கத் தேவையான தகவல்களைச் சொந்தக்காரருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு 80 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவளித்தார்கள். அதன் அழுத்தத்தில் 2014இல் கார் நிறுவனங்கள் நாடு முழுவதற்கும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கம்பியில்லா வழியில் கார் அனுப்பும் தரவுகளுக்காக 2020இல் மீண்டும் ஒரு வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது.

புதிய கார்கள் பழையவற்றைவிடப் பல மடங்கு பாதுகாப்பானவை, புகை குறைந்தவை. அந்த முன்னேற்றத்தை யாரும் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. கேட்பது ஒன்றுதான்: கையேடும் பாகமும் மென்பொருள் திறவுகோலும் நியாய விலைக்கு வாங்கியவரின் கைக்கு எட்ட வேண்டும். மஸ்டாங் அறுபது ஆண்டு தாண்டி ஓடுகிறதென்றால், அதைச் செய்தவர்களின் திறமைக்கு இணையாக, அதைத் திறக்க அனுமதிக்கப்பட்ட லட்சக்கணக்கான கைகளும் காரணம். இன்று விற்கும் கார்களில் எத்தனை 2085இல் ஓடும் என்பதை, பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி இப்போது எழுதப்படும் சட்டங்களே முடிவு செய்யும்.